ஞாயிற்றுக்கிழமைக் கீரை

1957 மார்ச் 7 — கீரை இல்லை — ரத்தம் 40
1957 ஜூன் 6 — 78 — 45
1957 செப்டம்பர் 5 — 78 — 50
1957 டிசம்பர் 5 — 78 — 55
1958 மார்ச் 6 — 78 — 60
1958 ஜூன் 5 — 91 — 65
1958 செப்டம்பர் 4 — 91 — 60
1958 டிசம்பர் 4 — 182 — 50
1959 மார்ச் 5 — 182 — 45
1959 ஜூன் 4 — 140 — 40
1959 செப்டம்பர் 3 — 37 — 30
மொத்தம்: 1035 கைப்பிடி

இது பூம்பாறை மருந்தகத்தின் நோயாளிப் பதிவேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம். கையெழுத்து என்னுடையது. நடுவில் உள்ள எண், கந்தம்மாள் என்ற பெண் அந்தந்த மூன்று மாதத்தில் பச்சையாகத் தின்ற கீரை, கைப்பிடிக் கணக்கில். கடைசி எண் அவளுடைய ரத்தத்தின் வலு. நூறு என்றால் நல்ல ரத்தம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டை ஒற்றுத்தாளில் எடுத்து, நிறங்கள் அச்சிட்ட அட்டையோடு ஒட்டி வைத்துப் பார்ப்போம். வெளிர் சிவப்பிலிருந்து அடர் சிவப்பு வரை பத்துப் பத்தாக ஏறும். இரண்டு நிறத்துக்கு நடுவே விழுந்தால் நான் ஐந்து சேர்த்து எழுதுவேன். 1946 முதல் 1964 வரை அந்த மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தேன்.

கந்தம்மாள் பூண்டியில் பிறந்தவள். பதினேழாவது வயதில் பூம்பாறைப் பொன்னுச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவன் லாரியில் பூண்டு மூட்டை ஏற்றுகிறவன். ஒரே மகளைப் பழனியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஊரில் மற்றப் பெண்கள் பூண்டுக்குக் களை எடுக்கப் போனார்கள்; இவள் மட்டும் தண்ணீருக்குள் இறங்கிப் பிழைத்தாள்.

ஊருக்கு மேலே சோலைக்குள் ஓர் ஊற்று உண்டு. அதன் அடியில், முழங்கால் அளவுத் தண்ணீரில், சின்ன வட்ட இலைகளோடு ஒரு கீரை மண்டிக் கிடக்கும். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து போட்டது. அவர்கள் வாட்டர்கிரஸ் என்றார்கள், ஊரில் கிரசு. கடித்தால் கடுகுபோல் சுருக்கென்று இருக்கும். திங்கள் முதல் சனி வரை கந்தம்மாள் வெள்ளனே ஊற்றுக்கு ஏறி, விறைத்த கையோடு பறித்து, நனைத்த சாக்கில் சுற்றி, பூண்டு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கோடைக்கானல் போவாள். கடைவீதியில் பாவா என்பவரின் காய்கறிக் கடை. அவர் வாங்கிப் பங்களாக்களுக்கு அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை லாரி கிடையாது. அன்றைக்கு அவள் ஊற்றுக்கு ஏறமாட்டாள்.

மாதம் ஒருமுறை மருந்து வாங்க நான் கோடைக்கானல் போகும்போது பாவா கடையில் அவளைப் பார்ப்பதுண்டு.

"என்ன தாயி, நேத்து வரல? பெரிய பங்களா அம்மா ஆளு மேல ஆளு விடுது. கிரஸ் இல்லாம சாயங்கால டீ எறங்க மாட்டேங்குதாம்" என்பார் பாவா.

"அப்படி என்னதான் இருக்கு பாவா அதுல? நானும் ஒரு தரம் கடிச்சுப் பாத்தேன். நாக்குப் பொசுங்கிப்போச்சு."

"நாக்குப் பொசுங்கத்தான் துட்டுக் குடுக்குறாக. நீ பறி, நான் விக்கிறேன், அவுக பொசுங்கட்டும்."

எட்டு வருஷம் அவள் அந்தக் கீரையை விற்றாள், தின்றதில்லை.

1957 மார்ச்சில் மருந்தகத்துக்கு வந்தாள். படி ஏறியதும் மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சண்முகசுந்தரி வாரம் ஒருநாள், வியாழக்கிழமை, கோடைக்கானலிலிருந்து ஜீப்பில் வருவார். பரிசோதித்துவிட்டு என்னிடம் சொன்னார்: கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் ரத்தம் அளவுக்கு மீறிப் போகிறது, மதுரையில் அறுவை செய்து எடுத்துவிட்டால் பிழைப்பாள். ஆனால் நாற்பதில் கத்தி வைக்க முடியாது. மதுரை டாக்டர் எழுபது கேட்கிறார். எழுபது வந்தால் அனுப்பலாம்.

கந்தம்மாளுக்கு அந்த ஒரு எண் மனப்பாடம் ஆகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவள் பதிவேட்டில் தன் வரிசை எதுவென்று தெரிந்துவைத்திருந்தாள்.

இரும்புச்சத்து மாத்திரை அவள் வயிற்றுக்கு ஆகவில்லை. பாதி மாத்திரைக்கு மேல் கொடுத்தால் வாந்தி எடுத்தாள். "கீரை நிறையச் சாப்பிடு. எந்தக் கீரையானாலும் சரி. நீ விக்கிற கிரஸ்ஸும் நல்லதுதான்" என்றார் டாக்டர். அவ்வளவுதான் சொன்னார். பச்சையாக என்று சொன்னது நான்.

நான் வாங்கிவந்த மருந்துப் புட்டிகள் உடையாமலிருக்கப் பாவா சுற்றிக்கொடுத்த பழைய ஆங்கிலப் பத்திரிகைத் தாளில் இந்தக் கீரையைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. நான் அதை நோட்டில் எழுதிவைத்தேன். இரும்புச்சத்து உண்டு, எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து உண்டு, கண்ணுக்கும் ஈறுக்கும் வேண்டிய வைட்டமின்கள் உண்டு, அந்த வைட்டமினில் ஒன்று இரும்பு உடம்பில் சேரத் துணைசெய்யும். அதிக நேரம் வேகவைத்தால் சத்தில் பெரும்பங்கு போய்விடும், பச்சையாகத் தின்பதே மேல். அதில் எதுவும் பொய் இல்லை. அந்தக் கீரை நல்ல கீரைதான் என்பதை இன்றைக்கும் சொல்வேன். அந்தத் தாளில் இல்லாதது ஒன்று இருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது.

"வேகவச்சுத் திங்கிறேங்கய்யா. ரெண்டு பல்லு பூண்டு தட்டிப் போட்டுக் கடைஞ்சா எறங்கிரும்" என்றாள் கந்தம்மாள்.

"வேகவைக்கக் கூடாது. பச்சையாத்தான் திங்கணும்."

"பச்சையாத் திங்க நான் என்ன ஆடாங்கய்யா?"

பின்னால் நின்ற பொன்னுச்சாமி, "ஆடா இருந்தாத் தேவலையே. சந்தையில வித்து ரெண்டு மூட அரிசியாச்சும் வாங்கியிருப்பேன்" என்றான்.

"ஒன்னைய வித்தா ஒரு படி உப்புத் தேறாது. பேசாம நில்லு."

அவள் சம்மதித்தாள். தினம் ஒரு கைப்பிடி, கோடைக்கானலுக்குக் கட்டுவதிலிருந்து எடுத்து, உப்பு தொட்டு. இரண்டாம் வாரம், "தின்னியா?" என்று நான் கேட்டபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தின்னேன்னு சொன்னா நம்புவீகளா? ஒங்க மொகத்தப் பாத்தா நம்புற மொகமாத் தெரியல."

அடுத்த வியாழக்கிழமை ஒரு சணல் கயிற்றோடு வந்தாள். முதல் நாளிலிருந்து கணக்கிட்டு, ஒரு கைப்பிடிக்கு ஒரு முடிச்சு. வீட்டு நிலையில் ஆணியடித்து அதில் மாட்டியிருந்தாள். வாரந்தோறும் வியாழனன்று, லாரி கிளம்பும் முன், அவள் கயிற்றை மேசையில் போடுவாள். நான் புதிய முடிச்சுகளை எண்ணிப் பதிவேட்டில் நாளுக்கு ஒரு கட்டமாக ஏற்றுவேன். ஆறு, ஆறு, ஆறு. ஒரு வாரம்கூட ஐந்து இல்லை.

ரத்தம் ஏறியது. மேலே இருக்கும் கணக்கில் பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஐந்து. அரை மாத்திரை செய்தது எவ்வளவு, கீரை செய்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழி இல்லை. படியேறும்போது சுவரைப் பிடிப்பதை நிறுத்தினாள். மகளுக்குச் சொல்லி அனுப்பினாள், மதுரையில் தன்னோடு வந்து இருக்கத் தயாராக இருக்கும்படி.

1958 மார்ச் 6 அன்று அறுபது. அன்றைக்குப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. மற்ற ஆறு கட்டமும் நிரம்பியிருக்க, அந்த ஒரு வரிசை மட்டும் பல் விழுந்த வாய்போல இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. அவள் உடம்புக்காகச் சொன்னேன் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். உடம்புக்காகவும்தான். ஆனால் முதலில் உறுத்தியது அந்த வெற்றுக் கட்டங்கள்.

"ஞாயித்துக்கெழம ஏன் திங்கிறதில்ல?"

"அன்னிக்கு மேல ஏறுறதில்லீங்களே. அன்னிக்கு ஒருநாத்தான் வீட்டுச் சோலி பாக்குறது."

"ஒங்க வீட்டுக்குப் பின்னால வாய்க்கால்லயே கெடக்கே. அதப் பறிச்சுத் தின்னா என்ன?"

"அது ஊத்துத் தண்ணி இல்லீங்களே அய்யா."

"எல்லாம் ஒரே கீரைதான்."

எல்லாம் ஒரே கீரைதான் என்று சொன்னேன். நாள் மார்ச் 6, நேரம் காலை பதினொன்றுக்கு முன்.

அந்த வாய்க்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊற்றுத் தண்ணீர் கீழே இறங்கி, படிப்படியாக இருக்கும் பூண்டு வயல்களின் கசிவையும் சேர்த்துக்கொண்டு, கந்தம்மாள் வீட்டுப் பின்புறம் வழியாகப் போகிறது. தண்ணீரோடு வந்த கிரசுத் தண்டுகள் அங்கேயும் வேர்பிடித்திருந்தன. வீட்டுக்கு நேர் மேலே உள்ள மூன்று படி வயல் என்னுடையது. பூண்டு பிடுங்கிய பிறகு எல்லாரையும்போல நானும் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுவேன். ஆட்டுக்காரன் இரவு முழுவதும் மந்தையை வயலில் மறித்துவைப்பான். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குச் சேரும். என் வயல் நோட்டில் இப்படி இருக்கிறது: 1958 ஏப்ரல் 10 முதல் 15 வரை, ஆறு ராத்திரி, ஆடு 140. அக்டோபரில் மறுபடி, நாலு ராத்திரி, ஆடு 120. அது வேறு நோட்டு. பச்சை அட்டை. மருந்தகப் பதிவேடு சிவப்பு அட்டை. இரண்டும் ஒரே அலமாரியில் ஒரே தட்டில் இருந்தன.

கிடை போட்ட வாரம் கந்தம்மாள் கயிற்றோடு வந்தபோது மூக்கைப் பொத்திக் காட்டினாள்.

"வீட்டுக்குள்ள ஒக்கார முடியலங்கய்யா. ஆட்டுப் புழுக்கைய ஒங்க பூண்டு திங்குது, ஆடு திங்கிற தழைய நான் திங்கிறேன். நல்ல ஞாயம்."

அந்த வாரம் ஏழு முடிச்சு. நான் சிரித்துக்கொண்டே ஏழு என்று எழுதினேன்.

ஜூன் 5. ஒற்றுத்தாளை அட்டையோடு வைத்தேன். அறுபதுக்கு மேலே, எழுபதுக்குக் கீழே. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தால் எழுபதுக்குக் கிட்டவே தெரிந்தது. கந்தம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுபத்தஞ்சு."

"அஞ்சுதானங்கய்யா? பேனாவக் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க, எழுவது வந்துரும்."

"அப்படியெல்லாம் எழுதக் கூடாது."

"நான் போயி யார்ட்டச் சொல்லப்போறேன்? ஒங்க பேனாவுக்கும் எனக்கும்தான் தெரியும்."

பொன்னுச்சாமி அவளை அதட்டினான். டாக்டர் அம்மா அடுத்த அறையிலிருந்து, "இன்னும் மூணு மாசம் போகட்டும், வந்துடும்" என்றார். நான் அறுபத்தைந்து என்று எழுதினேன். என் பதினெட்டு வருஷ வேலையில் ஒரு எண்ணைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. அப்படிக் கூட்டி எழுதியிருக்க வேண்டிய எண் ஒன்று இருந்தது என்றால் அது இதுதான். அன்று எழுபது என்று எழுதியிருந்தால் ஜூன் மாதமே மதுரைக்குப் போயிருப்பாள்.

செப்டம்பரில் அறுபது. வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். விட்டு விட்டுக் காய்ச்சல். டாக்டர் மலேரியாவுக்கு மருந்து கொடுத்தார், காய்ச்சல் நிற்கவில்லை. பசி குறைந்தது. நான் கணக்கைப் பார்த்தேன். கீரையால் ஏறிய ரத்தம் இறங்குகிறது என்றால் கீரை போதவில்லை என்று அர்த்தம். இப்படித்தான் எனக்குத் தோன்றியது. இரண்டு கைப்பிடியாக்கினேன். ஊற்றுக் கீரையைக் கூடுதலாக எடுத்தால் பாவாவுக்குக் கட்டு குறையும் என்றாள். சரி, காலையில் ஊற்றுக் கீரை, சாயங்காலம் வாய்க்கால் கீரை என்றேன். இவ்விதம் ஞாயிற்றுக்கிழமைக் கீரை எல்லாக் கிழமைக்கும் வந்தது.

டிசம்பரில் ஐம்பது. முடிச்சு பதினான்குக்கு ஒன்று குறையவில்லை. ஒரு வியாழக்கிழமை பொன்னுச்சாமி தனியாக வந்து கேட்டான்.

"அய்யா, அவளுக்கு அதக் கண்டாலே கொமட்டுது. கண்ண மூடிக்கிட்டுத் திங்கிறா. ஒரு வாரம் விட்டுப் பாக்கலாமா?"

"இப்பத்தான் விடக்கூடாது பொன்னுச்சாமி. இறங்கற நேரம்."

"அப்ப அவியவாச்சும் விடுங்க."

"அவிச்சா ஒண்ணும் இருக்காது" என்றேன்.

அவன் சரி என்று போய்விட்டான். அவர்கள் இரண்டு பேருமே நான் சொன்னதைத் தட்டுகிறவர்கள் இல்லை.

1959 ஏப்ரலில் டாக்டர் சண்முகசுந்தரியைச் சென்னைக்கு மாற்றினார்கள். பதிலுக்கு ஆள் வரவில்லை. ஜூனில் கந்தம்மாளின் கண் மஞ்சளித்தது. கோடைக்கானல் போவது நின்றது. ஊற்றுக்கு ஏற முடியாததால் இப்போது தின்றது எல்லாம் வாய்க்கால் கீரைதான். மதுரைக்குப் போய்க் காட்டும்படி சொன்னேன். "எழுவது வந்தாத்தான எடுப்பாக? நாப்பதோட போயி அங்க என்னங்கய்யா செய்ய?" என்றாள். டாக்டருக்கு எல்லாவற்றையும் எழுதினேன், தேதிவாரியாக.

ஆகஸ்டு 18 அன்று டாக்டரின் பதில் வந்தது. சென்னையில் வயதான டாக்டர் ஒருவரிடம் இந்த நோயைப் பற்றிச் சொன்னாராம். இரண்டு விஷயம் வேண்டும் என்று எழுதியிருந்தார். ஒன்று, கந்தம்மாளின் மலத்தைப் புட்டியில் அடைத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இரண்டு, அவள் தின்னும் கிரஸ் எந்தத் தண்ணீரில் வளர்கிறது, அதற்கு மேலே ஆடு மாடு உண்டா என்று தெரிவிக்க வேண்டும். காரணம் எழுதவில்லை.

அந்தக் கேள்வி என் கீரையைக் குறை சொல்வதுபோல எனக்குப் பட்டது. இரண்டரை வருஷம் நான் கொடுத்த மருந்தை அழுக்கு என்று யாரோ சொல்வதுபோல. பதிவேட்டைத் திறந்தேன். 1957 மார்ச்சில் பக்கத்தின் தலைப்பில் நானே எழுதியிருந்தேன்: இடம், சோலை ஊற்று. பிறகு அதைத் திருத்தவில்லை. ஆகஸ்டு 20 அன்று அதையே பார்த்துப் பதில் எழுதினேன்: "சோலை ஊற்று. சுத்தமான தண்ணீர். மேலே ஆடு மாடு இல்லை." வாய்க்காலை மறைத்தேன் என்று சொல்ல முடியாது. அது நினைவுக்கு வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பேனாவை மைக்கூட்டில் தொட்டபோது என் வயலில் ஆடுகள் நிற்பது ஒரு கணம் கண்ணில் வந்தது. தலைப்பில் ஊற்று என்று இருந்தது, தலைப்பை நம்பினேன்.

புட்டியையும் கடிதத்தையும் ஒன்றாக அனுப்பினேன்.

செப்டம்பர் 3 அன்று அவளால் மருந்தகத்துக்கு வர முடியவில்லை. நான் அட்டையையும் ஒற்றுத்தாளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். முப்பது. நிலையில் கயிறு தொங்கியது. அதை நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"நேத்தும் முடிச்சுப் போடலங்கய்யா. எறங்கல. கோவிச்சுக்காதீங்க."

"பரவாயில்ல."

"நாளைக்கு வெரசாத் தின்னுர்றேன்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கீரை தின்னவில்லை.

அக்டோபர் 13, செவ்வாய்க்கிழமை, கந்தம்மாள் இறந்துபோனாள். வயது நாற்பது. மதுரைக்குக் கொண்டுபோக அன்று காலை லாரி பேசியிருந்தோம். லாரி வந்தபோது ஊரார் தெருவில் கூடிவிட்டார்கள். டிரைவர் இறங்கி நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பொன்னுச்சாமி அந்தக் கயிற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "இது ஒங்க கணக்குங்கய்யா. வீட்டுல வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றான். அவன் போன பிறகு முதலிலிருந்து எண்ணினேன். ஆயிரத்து முப்பத்தைந்து. பதிவேட்டோடு ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒரு நாள்கூட அவள் கீரையை வாய்க்காலிலேயே எறிந்துவிட்டு முடிச்சை மட்டும் போட்டதில்லை. அன்று எனக்குத் திருப்தியாக இருந்தது. அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

அதன் பிறகு டாக்டரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதுவே கடைசி. புட்டியில் ஆட்டு ஈரலில் இருக்கும் தட்டைப்புழுவின் முட்டைகள் தெரிந்தன என்று எழுதியிருந்தார். ஆடு மாட்டுச் சாணம் சேரும் தண்ணீரில், நத்தை வழியாக வந்து கீரையில் ஒட்டிக்கொள்ளுமாம். பச்சையாகத் தின்பவருக்கு ஈரலில் போய்த் தங்கும். கழுவினால் போகாது, கொதிக்கவைத்தால் செத்துவிடும். "உங்கள் பதிலில் ஊற்று என்று இருந்ததால் அவசரமில்லை என்று புட்டியை வரிசையில் வைத்துவிட்டார்கள். தாமதத்துக்கு வருந்துகிறேன். எமெட்டின் ஊசிக்குக் கேட்கும். சீதபேதிக்காக நம் மருந்தகத்திலேயே வைத்திருக்கிறோம். தேடி அலைய வேண்டாம். இன்றே தொடங்குங்கள். நாடியைப் பார்த்துக்கொண்டு போடுங்கள். கிரஸ்ஸை நிறுத்த வேண்டியதில்லை, வேகவைத்துத் தின்னச் சொல்லுங்கள். கந்தம்மாளை நான் விசாரித்ததாகச் சொல்லவும்."

இருப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். எமெட்டின், இரண்டாவது தட்டு, பன்னிரண்டு குப்பி.

கடிதம் வந்த நாள்: 1959 அக்டோபர் 19, திங்கட்கிழமை.